உப்பு போட்ட ஐஸில் ஓர் ஆன்டிபாடி

தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கியதும் நடைமேடையிலேயே குந்தி, தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஐஸ் பைகள் கொழகொழத்துப் போயிருந்தன. குளிர் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. வண்டி வழியெல்லாம் நின்று நின்று வந்ததில் வெயில் ஏறிவிட்டது. பெட்டியின் நடுவில் வெள்ளிநிற உறை. உறைக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. குப்பியின் அடியில் இரண்டு துளி திரவம். அதைக் கொண்டு சேர்ப்பதற்காகத்தான் வந்திருந்தேன்.

நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். அலுவலக வேலையாகச் சென்னைக்கு வந்தவனை, மனைவியின் தங்கை வசந்தி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். மனைவி வீட்டார் தூத்துக்குடிக்காரர்கள். வசந்தி பள்ளிக்கூட ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மீன்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஏட்டில் ஒரே ஒரு படம் பாக்கி. அந்தப் படத்துக்கு இந்த இரண்டு துளி வேண்டும்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எலும்பு ஒருமுறை கட்டி முடித்த சுவர் இல்லை. உடம்புக்குள் ஒருவகைச் செல் அதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு வகை பின்னாலேயே வந்து பூசுகிறது. அரிக்கிற செல் சுரக்கும் ஒரு நொதிக்குக் கதெப்சின் கே என்று பெயர். மீனின் செதிலும் ஏறக்குறைய எலும்புதான். கடல் நீரில் அமிலம், அதாவது புளிப்பு, கூடினால் மீன் தன் செதிலைக் கரைத்துச் சுண்ணாம்பு எடுத்துக்கொள்கிறதா என்பது வசந்தியின் கேள்வி. அந்த நொதி செதிலில் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது ஆன்டிபாடி. முயலின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. நொதியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும், வேறு எதிலும் ஒட்டாது. இலங்கைப் பாடப்புத்தகத்தில் இதைப் பிறபொருளெதிரி என்று படித்தோம். தூத்துக்குடியில் இதற்கு ஒரே பெயர் மருந்து.

இதற்கு முன் வாங்கியதில் ஒருமுறை சோதித்துப் பார்த்தாள். நன்றாக வேலை செய்தது; குப்பி அதோடு தீர்ந்தது. மீண்டும் வாங்கியது கூரியர் கிடங்கில் வார விடுமுறை முழுக்க வெக்கையில் கிடந்து வெந்துபோனது. இனி சென்னை விற்பனையாளரிடமிருந்து ஆள்தான் வாங்கிக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தபோது சென்னையில் இருந்த ஆள் நான்.

சனிக்கிழமை. வசந்தி ஊரில் இல்லை. குலசேகரன்பட்டினம் பக்கம் கடற்கரையில் ஒரு கொட்டகைக்குள் தொட்டிகளில் கொடுவா மீன் வளர்க்கிறாள். செதில் எடுக்க வேண்டிய நாள் அன்றைக்கு. விட்டு வர முடியாது. தொலைபேசியில் சொன்னாள்: “அத்தான், லேப் பூட்டிக் கெடக்கு. நேரா வீட்டுக்குப் போயிருங்க. சாவி கீழ் வீட்டு மிக்கேல் அண்ணாச்சிட்ட இருக்கு. ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வச்சிருங்க, மேல வச்சிராதிய.”

ஆட்டோ பிடித்தேன். துறைமுகச் சாலையைக் கடக்கும் இடத்தில் எல்லா வண்டியும் நின்றது. காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிய நீண்ட லாரி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. இறக்கையின் ஒரு முனை சாலையில் இருந்தது. மறுமுனை ஒரு வாழைக்காய்க் கடைக்கு மேலே மெல்ல ஊர்ந்தது. கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தராசை மட்டும் உள்ளே எடுத்து வைத்தார். ஒருவர் மூங்கில் கம்பால் மின்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் நிலக்கரி லாரிகள் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வரிசை கட்டி நின்றன. கொழும்பில் இப்படி ஒரு பொருள் போக வேண்டுமென்றால் ஊர் தூங்கிய பிறகுதான் அனுப்புவார்கள். இங்கே பட்டப்பகலில், பள்ளிப் பேருந்துக்கும் தண்ணீர் வண்டிக்கும் நடுவில் போகிறது.

“இன்னும் நேரமாகுமா?” என்று கேட்டேன்.

“றெக்கை திரும்பணும்லா சார். பெட்டில என்ன, கேக்கா?”

“மருந்து.”

“யாருக்கு முடியல?”

“மீனுக்கு.”

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்தார். “சிலோனா?” என்றார். ஓம் என்றேன். அதோடு எல்லாம் விளங்கிவிட்டது போல முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் மின்சாரம் இல்லை. பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள், சாயங்காலம்தான் வரும் என்றார் மிக்கேல் அண்ணாச்சி. வசந்தி குடியிருக்கும் மாடியின் சொந்தக்காரர். கேரளத்துக்கு மீன் அனுப்பும் வியாபாரி. முற்றம் முழுக்க நீலப் பெட்டிகள். கைலியும் பனியனுமாக நின்று, என் கையில் இருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

“வாங்க, கொழும்பு மாப்பிள! இத வச்சுக்கிட்டா திண்டாடுதிய? கரண்ட்டு இல்லன்னா என்ன, ஐஸுக்கா நம்மகிட்ட பஞ்சம்?”

வசந்தியைத் தொலைபேசியில் அழைத்து அவரிடம் கொடுத்தேன். “சூடு மட்டும் ஏறிரக்கூடாது அண்ணாச்சி, வேற ஒண்ணும் வேண்டாம்” என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. “நீங்க கவலைப்படாதிய டாக்டரம்மா. என் சொந்தச் சரக்கு மாதிரி பாத்துக்கிடுதேன்” என்றார்.

அவர் மனைவி ரோஸ்லின் அக்கா கேட்காமலே பால் டீ கொண்டுவந்தார். கொழும்பில் விருந்தாளிக்கு முதலில் வருவது பாலில்லாத டீ. இங்கே அதைக் கேட்டால் வயிறு சரியில்லையா என்று விசாரிக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சாளை மீன் குழம்பு. எங்கள் வீட்டில் என்றால் தேங்காய்ப்பால் ஊற்றி மஞ்சளாக வரும். இது அரைத்த தேங்காயும் புளியுமாகச் சிவந்து கெட்டியாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். சாயங்காலம் கடற்கரை வரை நடந்தேன். சங்கு குளிக்கப் போன படகுகள் திரும்பியிருந்தன. தூரத்தில் துறைமுகப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. மின்சாரம் திரும்பி வந்தும், பெட்டி பத்திரமான கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் அதை ஃப்ரிட்ஜுக்கு மாற்றாமல் எண்ணெய்ப் பரோட்டா தின்றுவிட்டுத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோவில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வசந்தி பேருந்தில் வந்து இறங்கினாள். கையில் செதில்கள் மிதக்கும் சின்னக் குப்பிகள். முகம் கழுவக்கூட மேலே ஏறவில்லை.

“அண்ணாச்சி, மருந்து?”

மிக்கேல் அண்ணாச்சி பூசைக்குப் போக வெள்ளை வேட்டி கட்டித் தயாராக இருந்தார். பெருமையோடு மூலையில் இருந்த பெட்டியைத் திறந்தார். என் தெர்மாகோல் பெட்டி காலியாக ஓரத்தில் கிடந்தது. நொறுக்கிய ஐஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு வெள்ளி உறையை எடுத்தார். அது விறைத்திருந்தது.

“தெர்மாகோல் சில்ல உள்ள விடாதுல்லா, அதான் வெளிய எடுத்துட்டேன். ஐஸு மேல நாலு கை உப்பும் போட்டேன். உப்பு போட்டாத்தான் சில்லு ஏறும். பாருங்க, கல்லு மாதிரி இருக்கு!”

வசந்தி உறையைக் கிழித்தாள். குப்பிக்குள் இரண்டு துளியும் வெள்ளையாக உறைந்திருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தப்பு எங்கே என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. இந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. வெறும் ஐஸ் என்றால் உறையாது. உப்பு விழுந்தால் ஐஸின் குளிர் இன்னும் கீழே இறங்கிவிடும். உறைந்தால் புரதம் கட்டி தட்டும்; அப்புறம் அது நொதியோடு ஒட்டுமா என்று சொல்ல முடியாது. சுற்றிலும் உப்பளம், வாசல் முழுக்க மீன். சரக்கைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்த ஊர்க்காரரின் கை தானாகப் போவது உப்புச் சாக்குக்குத்தான். சூடு ஏறக்கூடாது என்றாள். அவர் ஏறவிடவில்லை.

“என்ன டாக்டரம்மா, ஒண்ணும் பேச மாட்டேங்கிய?”

“ஒறையக்கூடாது அண்ணாச்சி” என்றாள் வசந்தி. “நான் அதச் சொல்லல.”

அவர் முகம் மாறியது. “கெட்டுப்போச்சா?”

“தெரியல.”

“வேற வாங்கிக்கிடலாம்லா?”

“வெளிநாட்டுல இருந்து வரணும். மாசக்கணக்காகும். எனக்கு இந்த மாசந்தான் இருக்கு.”

உள்ளேயிருந்து முக்காட்டைச் சரிசெய்தபடி வந்த ரோஸ்லின் அக்கா கணவரைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு உப்புன்னா கை நிக்காதே! செத்த மீனுக்கும் உப்பு, படிக்கிற பிள்ள மருந்துக்கும் உப்பு. அந்தப் பிள்ள எத்தன வருசமா அந்த மீனுக்குத் தண்ணி மாத்திட்டுக் கெடக்கு!”

“நான் நல்லதுக்குத்தானளா செஞ்சேன்.”

“நல்லதுக்குச் செஞ்ச லெச்சணத்தப் பாத்தாச்சுல்லா.”

அண்ணாச்சி பூசைக்குத் தனியாக, முன்னால் நடந்து போனார்.

வசந்தி குப்பியை ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் நிற்க வைத்தாள். மெதுவாக உருக வேண்டுமாம், ஆட்டக் கூடாதாம். ஃப்ரிட்ஜ் கதவை யாரும் திறக்காதபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டாள். “ஒருதடவ ஒறஞ்சா சில மருந்து தாங்கிரும் அத்தான். சிலது தாங்காது. இது எந்த ரகம்னு கம்பெனிக்காரனே எழுதல. ஒறைய வைக்காதன்னு மட்டும் போட்டிருக்கான்.” கொழும்பில் இருக்கும் தன் அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். ரோஸ்லின் அக்கா மூடிய பாத்திரத்தோடு நின்றார். இறால் தொக்கு. “அவரு குடுத்துவிட்டாரு” என்றார். இராத்திரி வறுத்த மீன். மறுநாள் காலையில் இட்லிக்கு நண்டுக் குழம்பு. மிக்கேல் அண்ணாச்சி மட்டும் வரவில்லை. படியில் எங்கள் சத்தம் கேட்டால் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடுகிறார் என்று தெரிந்தது. வசந்தி எதையும் தொடவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தின்றேன்.

திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு நானும் போனேன். ஷேர் ஆட்டோவில் எனக்கு ஓட்டுநரின் பக்கவாட்டில் அரை இருக்கை கிடைத்தது. வசந்தி பின்னால், குப்பி இருந்த பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. பக்கத்தில் இருந்த பெண்மணி விசாரித்தார்: “என்னளா, கொழந்தைக்கு ஊசி மருந்தா?” வசந்தி ஆமாம் என்றாள். அந்த அம்மா உடனே தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஏற வந்தவரை, “பிள்ளைக்கு மருந்து கொண்டு போகுது, இடிக்காதிய” என்று அதட்டவும் செய்தார்.

ஆய்வகம் ஒரே அறை. மீன் வாடையும் ஸ்பிரிட் வாடையும் கலந்து அடித்தது. வசந்தி குப்பியை ஒரு சுழல் இயந்திரத்தில் வைத்தாள். கட்டி தட்டியது ஏதாவது இருந்தால் சுற்றும்போது அடியில் போய்ப் படியும். இயந்திரம் நின்றதும் குப்பியை எடுத்து விளக்கின் முன் சாய்த்தாள். அடியில் மணல் பொடி போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

“கொஞ்சம் செத்திருக்கு” என்றாள். “மிச்சம் எவ்வளவுன்னு தெரியல.”

மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி, பக்குவமான நீரில் கலந்தாள். கொடுவா செதில் கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. கண்ணாடி போல ஒளி ஊடுருவியது. சாதாரண நீரில் வளர்ந்த மீனின் செதில், புளிப்பு நீரில் வளர்ந்த மீனின் செதில் இரண்டின் மேலும் துளி விட்டாள். மூன்றாவதாக ஒன்றில் ஆன்டிபாடியே இல்லாமல் வெறும் நீர். எல்லாவற்றையும் ஈரத் துணி விரித்த ஒரு டிபன் டப்பாவுக்குள் வைத்து ஃப்ரிட்ஜில் அடுக்கினாள். காலை வரை இருக்க வேண்டும். நாங்கள் வீடு திரும்பினோம். வழியில் முந்திரி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். இனிப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

“நாளைக்கு ஒண்ணும் வரலன்னா என்ன செய்வாய்?” என்று கேட்டேன்.

“பழையபடி சாக்பீஸ்தான்” என்றாள். “ஏழாங் கிளாசுக்கு அறிவியல். மீனுக்குச் செதில் உண்டு, மனுசனுக்குக் கிடையாது.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்குச் சென்னைக்கு விமானம். காலையில் அவளோடு மறுபடியும் ஆய்வகத்துக்குப் போனேன். செதில்களைக் கழுவினாள், மீண்டும் கழுவினாள். பிறகு முதல் ஆன்டிபாடியைத் தேடிப் பிடிக்கும் இன்னொன்றை ஊற்றினாள். கடைசியில் நிறமேற்றும் திரவம். நொதி இருந்து, ஆன்டிபாடி அதில் ஒட்டியும் இருந்தால் அங்கே பழுப்பு நிறம் பிடிக்கும். ஒன்றுமில்லாவிட்டால் செதில் வெறும் செதிலாகவே இருக்கும். வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒரே மாதிரி தெரிந்தன.

நுண்ணோக்கியில் அவள் முதலில் வைத்தது ஆன்டிபாடி போடாத செதிலை. காரணம் கேட்டேன். “இதுல நெறம் வந்தா மத்ததுல வர்றது எல்லாம் பொய்யி அத்தான். அழுக்குல ஒட்டுனதுன்னு அர்த்தம்.” நிறைய நேரம் குனிந்து பார்த்தாள். திருகிகளைத் திருப்பினாள். “சுத்தம்” என்றாள்.

அடுத்தது புளிப்பு நீர் மீனின் செதில். குனிந்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தகட்டை நகர்த்திக்கொண்டே இருந்த விரல் ஓரிடத்தில் நின்றது. அப்படியே நின்றது.

“அத்தான், நீங்க பாருங்க.”

நான் பார்த்தேன். வெளிறிய மஞ்சள் வெளியில் வயல் வரப்பு போல வளைவு வளைவாகக் கோடுகள். சில வரப்புகளின் ஓரத்தில், அரித்த பள்ளம் போன்ற இடங்களில், பழுப்பு. தேயிலைக் கறை போன்ற பழுப்பு. மற்ற இடமெல்லாம் வெறுமை.

“பழுப்பாக இருக்கிறது” என்றேன். “ஆனால் மருந்து பழுதானதால் வந்த பழுப்பு இல்லை என்று எப்படித் தெரியும்?”

அவள் கணினியைத் திறந்து, முதன்முதல் வாங்கிய மருந்தில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அதே வரப்பு ஓரங்கள், அதே பள்ளங்கள். இன்றைய படம் கொஞ்சம் மங்கல்.

“வெளிறித்தான் இருக்கு” என்றாள். “பாதி மருந்து செத்திருக்கும். ஆனா எடம் மாறல. எடந்தான் எனக்கு வேணும்.” திருப்பித் திருப்பி அதையே சொன்னாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சாதாரண நீர் மீனின் செதிலில் அந்தப் பழுப்பு அரிதாகத்தான் இருந்தது. படங்களை எடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் மிக்கேல் அண்ணாச்சி வழக்கம்போல் பெட்டிகளுக்குப் பின்னால் நகர்ந்தார். வசந்தி நேரே அங்கே போனாள்.

“அண்ணாச்சி, எங்கன ஒளியிதிய? மருந்து பொழச்சுக்கிட்டு.”

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பக்கத்தில் இருந்த பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “மாதாவே” என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் துண்டை எடுக்கவில்லை.

வசந்தி செல்பேசியில் படத்தைக் காட்டினாள். அவர் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்பளம் கருகுன மாதிரி இருக்கு. இதுக்கா மூணு நாளா நான் இவகிட்ட ஏச்சு வாங்குனேன்?”

“இன்னும் முடியல, மிச்சம் இருக்கு” என்று உள்ளேயிருந்து ரோஸ்லின் அக்காவின் குரல் வந்தது.

வசந்தி சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். முற்றத்திலேயே தட்டை வாங்கி, நின்றபடியே சோறும் குழம்பும் சாப்பிட்டாள். கூட முள்ளோடு ஒரு துண்டு மீன் வைத்தார்கள். அதையும் முடித்துவிட்டு, கை கழுவி, “செத்த நேரம் படுத்துட்டு வாரேன் அத்தான்” என்று மேலே போனாள்.

நான் கிளம்பும் நேரம் வந்தது. சொல்லிக்கொள்ளப் படியேறினேன். கதவு திறந்தே கிடந்தது. வசந்தி கட்டிலின் குறுக்கே, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் இன்னும் தரையில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். அசையவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

கீழே கேரளத்துக்குப் போகும் வண்டி வந்து நின்றிருந்தது. இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கித் தடதடவென்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லிட்டியளா?” என்று கேட்டார் மிக்கேல் அண்ணாச்சி.

“தூங்குகிறாள்” என்றேன்.

அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு வண்டிப் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் அதட்டினார்.

“ஏலே, பெட்டிய மெதுவா வையிங்கலே. மேல ஆளு தூங்குது.”